முனையப் பாதுகாப்பு மென்பொருளும் அதன் நிர்வாகமும்: ஒரு வரலாறு

அலுவலகம், மருத்துவமனை, வங்கி, கல்லூரி போன்ற ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் ஊழியர்கள் நேரடியாகக் கையாளும் கணினிகளும், அவற்றுடன் இணைந்த வழங்கிகளும் முனையங்கள் எனப்படும். ஒவ்வொரு முனையத்திலும் நிறுவப்பட்டு, தீங்கு செய்யும் நிரல்களைக் கண்டறிந்து தடுக்கும் மென்பொருள் முனையப் பாதுகாப்பு மென்பொருள் ஆகும். வீட்டுக் கணினியில் நாம் 'ஆன்டிவைரஸ்' என்று அழைப்பதும் இதன் ஒரு வடிவமே. வீட்டில் இருப்பது ஒரு கணினி. நிறுவனத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவை அனைத்திலும் இம்மென்பொருள் இயங்குகிறதா, புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, பழுதானால் எப்படிச் சரிசெய்வது என்பதைப் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகி தேவைப்படுகிறார்.

இத்துறையின் வரலாற்றை வைரசுகளின் வரலாறாக எழுதுவதே வழக்கம். இக்கட்டுரை அதை நிர்வாகியின் பக்கத்திலிருந்து காண்கிறது. அப்படிக் காணும்போது ஓர் உண்மை புலப்படும். காவல் மென்பொருளுக்கு இரண்டு வகைப் பிழைகள் நேரலாம். ஒன்று, தீயதை நல்லதென்று விட்டுவிடுவது. மற்றொன்று, நல்லதைத் தீயதென்று தாக்குவது. முதல் பிழைக்கு அஞ்சி வேகத்தைக் கூட்டியபோதெல்லாம் இரண்டாவது பிழையின் வீச்சும் கூடியது. இவ்விரண்டுக்கும் இடையே நிதானம் காண்பதே கடந்த நாற்பது ஆண்டுகளாக நிர்வாகிகள் கற்றுவரும் பாடம்.

தோற்றம்

தானாக இடம்பெயரும் நிரலுக்கு முதல் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது 'கிரீப்பர்'. 1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிபிஎன் நிறுவனத்தைச் சேர்ந்த பாப் தாமஸ் இதைச் சோதனைக்காக எழுதினார். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் இது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் சென்றது. இதைத் தேடி அழிக்க 'ரீப்பர்' என்ற நிரல் எழுதப்பட்டது. அதை எழுதியவர் மின்னஞ்சலுக்கு வழிவகுத்த ரே டாம்லின்சன். தீங்கை நீக்க எழுதப்பட்ட நிரலும் வலையமைப்பில் தானாகவே உலவியது என்பது கவனிக்கத்தக்கது.

1982இல் ரிச் ஸ்க்ரென்டா என்ற பள்ளி மாணவர் எழுதிய 'எல்க் குளோனர்' ஆப்பிள் 2 கணினிகளின் நெகிழ்வட்டுகள் வழியே பரவியது. 1986 ஜனவரியில் பாகிஸ்தானின் லாகூர் நகரில் இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்', ஐபிஎம் வகைத் தனிக்கணினிகளைத் தொற்றிய முதல் நச்சுநிரல் ஆகும். நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் அது தங்கியது. எழுதியவர்களின் பெயரும், முகவரியும், தொலைபேசி எண்ணும் அதற்குள்ளேயே இருந்தன. தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுப்போரைக் கண்டறியவே எழுதியதாக அவர்கள் பின்னர் கூறினர்.

1987ஆம் ஆண்டு இதற்கான மாற்று மருந்துகள் வணிகமாக உருவெடுத்தன. ஜெர்மனியில் ஜி டேட்டா நிறுவனமும், அமெரிக்காவில் ஜான் மெக்காஃபியும் அவ்வாண்டிலேயே இத்துறையில் இறங்கினர். 1991இல் சென்னையில் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனம் தொடங்கப்பட்டது. இத்தொழிலின் தொடக்கக் கட்டத்திலேயே தமிழ்நாட்டுக்கும் அதில் பங்கு இருந்தது.

முழுமையான காவல் ஏன் இயலாது?

1983இல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் கோஹன் என்ற ஆய்வு மாணவர், தன்னைத்தானே பிற நிரல்களில் படியெடுத்துக்கொள்ளும் நிரலைச் செய்துகாட்டினார். அதற்கு 'வைரஸ்' என்று பெயர் சூட்டியவர் அவருடைய ஆசிரியர் லியோனார்ட் ஏடில்மன். கோஹன் தம் ஆய்வில் இன்னொன்றையும் நிறுவினார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நச்சுநிரலா இல்லையா என்று பிழையின்றிச் சொல்லக்கூடிய பொது வழிமுறை ஒன்று இருக்கவே முடியாது என்பதே அது.

மாணவர்கள் இதைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இன்றைய மென்பொருள் போதிய திறன் பெறவில்லை என்பது இதன் பொருளன்று. எவ்வளவு திறன் பெற்றாலும், பிழையே இல்லாத காவல் மென்பொருள் என்று ஒன்றை எழுத முடியாது என்பதே இதன் பொருள். ஆகவே பிழை நேரும் என்பதை ஏற்றுக்கொண்டு, நேரும் பிழை சிறியதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் நிர்வாகியின் கடமை. பின்னால் வரும் நிகழ்ச்சிகளை இந்த அடிப்படையில் பார்க்க வேண்டும்.

நெகிழ்வட்டுக் காலம்

தொடக்ககால மென்பொருட்கள் கையொப்ப முறையில் இயங்கின. ஒரு நச்சுநிரலுக்கே உரிய சில எண் வரிசைகளைக் குறித்துவைத்து, கோப்புகளில் அவை இருக்கின்றனவா என்று தேடுவதே அம்முறை. காவல் நிலையச் சுவரில் ஒட்டிய புகைப்படங்களோடு முகங்களை ஒப்பிடுவது போன்றது இது. புகைப்படம் இல்லாத திருடன் தப்பிவிடுவான். எனவே புதிய கையொப்பங்கள் தொடர்ந்து வந்துசேர வேண்டும்.

அவை அக்காலத்தில் நெகிழ்வட்டில் வந்தன. அஞ்சலில் வட்டு வந்ததும், கணினிக்குப் பொறுப்பானவர் மேசை மேசையாகச் சென்று அதைப் போட்டு எடுப்பார். ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். நச்சுநிரல்களும் நெகிழ்வட்டு வழியேதான் பரவின என்பதால் அந்த வேகம் ஓரளவு போதுமானதாக இருந்தது. இந்த முறையில் ஒரு மறைமுக நன்மையும் இருந்தது. வட்டில் குறை இருந்தால் முதல் மேசையிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது மேசைக்குப் போகமாட்டார்.

1988 நவம்பர் 2 அன்று வலையமைப்பு வழியான ஆபத்து முதன்முறையாகப் பெரிய அளவில் வெளிப்பட்டது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியிட்ட 'புழு' நிரல், அப்போது இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளில் 6,000 அளவிலானவற்றைப் பாதித்ததாக மதிப்பிடப்பட்டது. அதே மாதம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசரகாலச் செயற்குழு அமைக்கப்பட்டது. அதே நோக்கில் இந்தியாவில் 'செர்ட்-இன்' அமைப்பு 2004 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது.

மைய நிர்வாகத்தின் பிறப்பு

1990களின் நடுப்பகுதியில் நிலைமை மாறியது. 1995இல் வந்த 'கான்செப்ட்' நச்சுநிரல் வேர்டு ஆவணங்களில் தொற்றியது. அலுவலகங்கள் நாள்தோறும் பரிமாறிக்கொள்ளும் கடிதங்களே தொற்றின் ஊர்தியாயின. 1999 மார்ச்சில் 'மெலிசா', முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டது. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' ஒரே நாளில் உலகைச் சுற்றியது. மாதம் ஒருமுறை வரும் வட்டு இனிப் பயன்படாது என்பது தெளிவாயிற்று.

இதற்கு விடையாக மைய நிர்வாகப் பலகை உருவானது. மெக்காஃபியின் ஈபாலிசி ஆர்க்கெஸ்ட்ரேட்டர், சிமன்டெக்கின் நிறுவனப் பதிப்பு ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். ஒவ்வொரு முனையத்திலும் 'முகவர்' எனப்படும் சிறு நிரல் அமர்ந்திருக்கும். அது குறிப்பிட்ட இடைவெளியில் மைய வழங்கியைத் தொடர்புகொண்டு தன் நிலையைத் தெரிவிக்கும், புதிய கொள்கைகளையும் கையொப்பங்களையும் பெற்றுக்கொள்ளும். நிர்வாகி தன் இருக்கையில் இருந்தபடியே எந்தக் கணினி பாதுகாப்பாக உள்ளது, எது பின்தங்கியுள்ளது என்று பார்க்கலாம். ஒரு சொடுக்கில் ஆயிரம் கணினிகளைப் புதுப்பிக்கலாம்.

முதல் மேசைக்கும் இரண்டாவது மேசைக்கும் இடையே இருந்த சில நிமிட இடைவெளி இவ்வாறு மறைந்தது. அப்போது அதை யாரும் இழப்பாகக் கருதவில்லை.

நிர்வாகியின் அன்றாடப் பணி

இக்காலத்தில்தான் கோளாறறிதலும் ஒரு தனித்திறனாக வளர்ந்தது. அதன் அடிப்படைகள் இன்றும் பெரிதாக மாறவில்லை. வகுப்பறை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் இவை எளிதில் விளங்கும்.

முதலாவது, வருகைப் பதிவு. பலகையில் 900 கணினிகள் நலமாக உள்ளன என்று காட்டினால் நிர்வாகி மகிழ்ந்துவிடக் கூடாது. நிறுவனத்தில் மொத்தம் எத்தனை கணினிகள் என்ற தனிக் கணக்கு அவரிடம் இருக்க வேண்டும். அது 1,000 என்றால், முகவரே இல்லாத 100 கணினிகள் எங்கோ உள்ளன. பதிவேட்டில் பெயரே இல்லாத மாணவன் வராவிட்டாலும் பதிவேடு அதைச் சொல்லாது.

இரண்டாவது, இரட்டை அடையாளம். ஒரு கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, அதன் வன்தட்டை அப்படியே நகலெடுத்துப் பல கணினிகளில் இடுவது அலுவலகங்களில் வழக்கம். முகவரின் அடையாள எண்ணை அழிக்காமல் நகலெடுத்தால் இருபது கணினிகளும் ஒரே எண்ணைச் சொல்லும். பலகையில் ஒரு கணினி மட்டும் தோன்றித் தோன்றி மாறும். ஒரே பதிவெண்ணில் இருபது மாணவர்கள் 'உள்ளேன் ஐயா' என்று சொல்வது போன்றது இது.

மூன்றாவது, தொடர்பு. முகவர் பேசவில்லை என்றால் மென்பொருளைக் குறைசொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உள்ளன. கணினி இயங்குகிறதா, வழங்கியின் பெயருக்கு உரிய முகவரி சரியாகக் கிடைக்கிறதா, இடையிலுள்ள தீயரண் வழியை அடைத்துள்ளதா, கணினியின் கடிகாரம் சரியாக உள்ளதா என்பவை அவை. கடிகாரம் பல நாட்கள் பிந்தியிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று முகவர் கருதி இணைப்பை மறுத்துவிடும்.

நான்காவது, சோதனை. மென்பொருள் உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்பதை அறிய உண்மையான நச்சுநிரலை விட்டுப்பார்க்க முடியாது. இதற்கென ஐரோப்பிய ஆய்வாளர் அமைப்பான ஐகார் 68 எழுத்துகள் கொண்ட சோதனைக் கோப்பு ஒன்றை வகுத்தது. அது எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் பெரும்பாலான காவல் மென்பொருட்கள் அதைக் கண்டதும் குரல் எழுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. தீயணைப்பு ஒத்திகையைப் போன்ற எளிய, பயனுள்ள முறை இது.

ஐந்தாவது, முரண்பாடு. ஒரே கணினியில் இரண்டு காவல் மென்பொருட்களை நிறுவினால் ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று சோதிக்க முற்பட்டு இரண்டும் முட்டிக்கொள்ளும். தரவுத்தளம், அஞ்சல் வழங்கி போன்றவற்றின் கோப்புகளை ஓயாமல் சோதித்தாலும் வேலை முடங்கும். எனவே சில கோப்புறைகளுக்கு விலக்கு அளிக்கப்படும். இந்த விலக்குப் பட்டியலின் ஆபத்தைப் பின்னர் காண்போம்.

வேகத்தின் தேவை

2003 ஜனவரி 25 அன்று பரவிய 'ஸ்லாம்மர்' புழுவின் அளவு வெறும் 376 பைட்டுகள். தொடக்கத்தில் ஒவ்வொரு 8.5 நொடிக்கும் ஒருமுறை அதன் எண்ணிக்கை இரட்டித்தது. பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றை அது பத்து நிமிடங்களில் பிடித்துவிட்டது. அது வன்தட்டில் எந்தக் கோப்பையும் எழுதவில்லை. நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது. கோப்புகளைச் சோதிக்கும் மென்பொருளால் அதைக் காணவே முடியவில்லை. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதங்களுக்கு முன்பே, 2002 ஜூலையில், வெளியிட்டிருந்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கற்கப்பட்டன. திருத்தங்களைத் தாமதமின்றி நிறுவ வேண்டும் என்பது ஒன்று. காவல் மென்பொருள் கோப்புகளை மட்டும் பார்த்தால் போதாது, கணினி இயங்கும் விதத்தையும் கண்காணிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது பாடம் மென்பொருளை இயங்குதளத்தின் ஆழத்துக்குக் கொண்டுசென்றது. இயங்குதளத்தின் மையப் பகுதி கருனி எனப்படும். நினைவகம், வன்தட்டு, திரை அனைத்தையும் ஆள்வது அதுவே. சாதாரண நிரல் பழுதானால் அந்த நிரல் மட்டும் மூடிக்கொள்ளும். கருனிக்குள் இயங்கும் நிரல் பழுதானால் கணினி முழுவதும் நின்றுவிடும். 2006இல் விண்டோஸ் விஸ்டா வெளிவரும் வேளையில் கருனியைப் பிறர் மாற்ற இயலாதபடி மைக்ரோசாஃப்ட் பூட்டியபோது, சிமன்டெக்கும் மெக்காஃபியும் பகிரங்கமாக எதிர்த்தன. காவலர் உள்ளே இருந்தால்தான் காக்க முடியும் என்பது அவர்களின் வாதம். அதில் உண்மை இருந்தது. ஆனால் உள்ளே இருக்கும் காவலர் தவறினால் வீடே முடங்கும் என்பதும் உண்மையே.

2010: காவலே தாக்கிய நாள்

இத்தகைய தவறுகள் அதற்கு முன்பும் நேர்ந்துள்ளன. 2007 மே மாதம் சிமன்டெக்கின் ஒரு கையொப்பம், சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு அமைப்புக் கோப்புகளைத் தீயவை என்று நீக்கியதால் பல கணினிகள் தொடங்காமல் நின்றன. ஆனால் உலகளவில் பாடமாக அமைந்தது 2010 ஏப்ரல் 21.

அன்று மெக்காஃபி 5958 என எண்ணிட்ட கையொப்பத் தொகுப்பை வெளியிட்டது. விண்டோஸின் பல சேவைகளைத் தாங்கி நிற்கும் 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற கோப்பை அது நச்சுநிரல் எனத் தவறாகக் கருதியது. மூன்றாம் சேவைத் தொகுப்புடன் கூடிய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் அக்கோப்பு அகற்றப்பட்டது. கணினிகள் மீண்டும் மீண்டும் நின்று தொடங்கின. வலையமைப்புத் தொடர்பும் அறுந்தது. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் சில மருத்துவமனைகள் அவசரமல்லாத நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்திவைத்தன. ஆஸ்திரேலியாவில் ஒரு பேரங்காடித் தொடரின் கல்லாக் கணினிகள் நின்றன.

அந்நாளில் உலகில் மிகப் பரவலாக இருந்த இயங்குதளம் அது. அந்தப் பதிப்பும் தங்கள் மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்பும் இணைந்த கணினி ஒன்று, வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில் இடம்பெறவில்லை என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது.

தொடர்பே அறுந்துவிட்டதால் மையப் பலகையிலிருந்து எதையும் சரிசெய்ய முடியவில்லை. ஒரு சொடுக்கில் ஆயிரம் கணினிகளை முடக்க முடிந்தது. ஆனால் மீட்க மேசை மேசையாக நடக்க வேண்டியிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த அந்த நாளுக்குப் பிறகு, கவனமுள்ள நிர்வாகிகள் பழைய நெகிழ்வட்டுக் கால நிதானத்தைப் புதிய வடிவில் மீட்டெடுத்தனர். புதுப்பிப்பை முதலில் பத்து இருபது சோதனைக் கணினிகளுக்கு அனுப்புவது, சில மணி நேரம் பார்ப்பது, பிறகு ஒரு துறைக்கு, பிறகு எல்லோருக்கும் என விரிப்பது. இது படிநிலை வெளியீடு எனப்படுகிறது.

2017: தாமதத்தின் விலை

நிதானம் என்பது தாமதம் ஆகிவிடக் கூடாது என்பதை 2017 காட்டியது. மே 12 அன்று பரவிய 'வானாக்ரை' பணயத் தீநிரல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2,00,000க்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் 236 அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிப்புக்கு உள்ளாயின. 19,000க்கும் மேற்பட்ட மருத்துவ முன்பதிவுகள் நீக்கப்பட்டிருக்கலாம் என அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. கிடைத்த இரண்டு மாத அவகாசம் வீணாயிற்று.

அடுத்த மாதமே, ஜூன் 27 அன்று, 'நாட்பெட்யா' வந்தது. உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகவே அது நுழைந்தது. புதுப்பியுங்கள் என்ற அறிவுரையைக் கடைப்பிடித்தவர்களே முதலில் அடிபட்டனர். டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. அதன் பயனர் அடையாளங்களைக் காக்கும் வழங்கிகளில் கானா நாட்டிலிருந்த ஒன்று மட்டும் தப்பியிருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கு மின்சாரம் நின்றிருந்ததே காரணம். எல்லா நகல்களும் ஒரே வலையமைப்பில் இருந்தால் அவை நகல்களே அல்ல என்பதை நிர்வாகிகள் இதிலிருந்து கற்றனர்.

2021: விலக்குப் பட்டியலின் ஓட்டை

பிற நிறுவனங்களின் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் கசேயா என்ற மென்பொருளை 2021 ஜூலை 2 அன்று தாக்கர்கள் கைப்பற்றினர். அம்மென்பொருள் சீராக இயங்க, அதன் பணிக் கோப்புறைகளைக் காவல் மென்பொருளின் சோதனையிலிருந்து விலக்கிவைக்குமாறு வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. தாக்கர்கள் தீநிரலை அந்தக் கோப்புறையிலேயே இறக்கினர். 800 முதல் 1,500 வரையிலான நிறுவனங்கள் பாதிக்கப்பட்டதாகக் கசேயா கணித்தது. ஸ்வீடனில் கூப் அங்காடிகள் ஏறத்தாழ 800, கல்லா இயங்காமல் மூடப்பட்டன.

வேலை தடைபடுகிறது என்பதற்காக அளிக்கும் விலக்கு, காவலர் திரும்பிப் பார்க்காத ஒரு மூலையை உருவாக்குகிறது. அதனால் ஒவ்வொரு விலக்கும் எந்தக் காரணத்துக்காக, எந்த நாளில், யாரால் அளிக்கப்பட்டது என்று எழுதிவைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்பட்டியலைத் திரும்பப் பார்ப்பதும் நல்ல நிர்வாகத்தின் அடையாளங்கள் ஆயின.

2024: எழுபத்தெட்டு நிமிடங்கள்

இதற்கிடையே காவல் மென்பொருளின் இயல்பும் மாறியிருந்தது. நடத்தையைக் கண்காணித்துப் பதிவு செய்து உடனே எதிர்வினை ஆற்றும் புதிய வகை மென்பொருளுக்கு 2013இல் கார்ட்னர் நிறுவனத்தின் ஆய்வாளர் ஆன்டன் சுவாகின் தனிப்பெயர் கொடுத்தார். இவ்வகையில் முன்னணிக்கு வந்தது 2011இல் தொடங்கப்பட்ட கிரவுட்ஸ்ட்ரைக். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜார்ஜ் குர்ட்ஸ், 2010இல் மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவர்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு 291 என எண்ணிட்ட ஒரு சிறு தரவுக் கோப்பை கிரவுட்ஸ்ட்ரைக் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பியது. அதைப் படிக்கும் முறை 21 விவரங்களை எதிர்பார்த்தது. ஆனால் கணினியில் இருந்த நிரல் 20 விவரங்களையே கொடுத்தது. இல்லாத இருபத்தோராவது விவரத்தைத் தேடி நிரல் தனக்குரியதல்லாத நினைவகப் பகுதியைப் படிக்க முயன்றது. நிரல் கருனிக்குள் இயங்கியதால் கணினி முழுவதும் நீலத்திரையில் நின்றது. மீண்டும் தொடங்கினால் அந்த நிரலும் உடன் தொடங்கி மறுபடி நிறுத்தியது. கோப்பை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டிய சோதனை நிரலிலும் பிழை இருந்ததால் குறை வெளிப்படவில்லை.

காலை 10.57க்கு அக்கோப்பு திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. உலகின் விண்டோஸ் கணினிகளில் இது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயினும் அவை விமான நிலையங்களிலும், மருத்துவமனைகளிலும், வங்கிகளிலும் இருந்தன. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 7,000 விமானங்களை நீக்கியது. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். இந்தியாவில் 10 வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் மட்டுமே சிறு இடையூறு நேர்ந்ததாக ரிசர்வ் வங்கி அறிவித்தது.

2010இன் பாடத்தைக் கற்றிருந்த நிர்வாகிகள் என்ன ஆனார்கள் என்பதே இங்கு முக்கியமான கேள்வி. அவர்களில் பலர் படிநிலை வெளியீட்டை முறையாக அமைத்திருந்தனர். புதிய பதிப்பு வந்தாலும் தங்கள் கணினிகள் ஒரு பதிப்போ இரண்டு பதிப்போ பின்தங்கி இருக்குமாறு வைத்திருந்தனர். ஆனால் அந்த அமைப்பு மென்பொருளின் பதிப்புகளுக்கு மட்டுமே பொருந்தியது. அவசரத் தரவுக் கோப்புகள் அதற்குக் கட்டுப்படாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சென்றன. வேகம் கருதி, அந்த முடிவு நிர்வாகியின் கையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அவர் செய்யவேண்டியதைச் செய்திருந்தும் அவருடைய கணினிகள் நின்றன.

மீட்பு முறை எளிமையானது. கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் அதற்கு ஒருவர் ஒவ்வொரு கணினியின் முன்பும் நிற்க வேண்டும். வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தட்டச்சு செய்ய வேண்டும். அச்சாவிகளைச் சேமித்துவைத்த வழங்கியும் நின்றுபோயிருந்தால் அந்த வேலையைத் தொடங்கவே முடியாது. சாவிகளைத் தனியே பத்திரப்படுத்தியிருந்தவர்களும், எந்தக் கணினி எங்குள்ளது என்ற பட்டியலை வைத்திருந்தவர்களும் விரைவில் மீண்டனர்.

அதன்பின் அவசரத் தரவுக் கோப்புகளையும் படிப்படியாக வெளியிடவும், வாடிக்கையாளரே வேகத்தைத் தேர்ந்தெடுக்கவும் கிரவுட்ஸ்ட்ரைக் வழிசெய்தது. காவல் மென்பொருட்கள் கருனிக்கு வெளியே இயங்குவதற்கான வழிகளை உருவாக்குவதாக 2024 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2006இல் எழுந்த வாதம் பதினெட்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் மேசைக்கு வந்தது.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தால், காவல் மென்பொருளே வேண்டாம் என்ற முடிவுக்கு வர இயலாது. 2003உம் 2017உம் அதற்கு இடம் தரவில்லை. அதே வேளையில், மென்பொருளை வாங்கி நிறுவிவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்ற எண்ணத்துக்கும் 2010உம் 2024உம் இடம் தரவில்லை.

இயங்குதளத்தின் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களுக்கு வாரங்கள் வரை அவகாசம் இருக்கலாம், மாதங்கள் இருக்கலாகாது. காவல் மென்பொருளின் புதுப்பிப்புகளுக்குச் சில மணி நேர அவகாசமே போதும், ஆனால் அந்தச் சில மணி நேரம் கட்டாயம் வேண்டும். 2024இல் எல்லாக் கணினிகளுக்கும் மாறாக ஒரு சிறு தொகுதிக்கு மட்டும் அக்கோப்பு முதலில் சென்றிருந்தால், 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்ட அது பெரும்பாலான கணினிகளை எட்டியே இருக்காது.

இத்துறையில் பணிபுரிய விரும்பும் மாணவர்கள் மென்பொருட்களின் பெயர்களையும் பொத்தான்களையும் மனப்பாடம் செய்வதைவிட நான்கு பழக்கங்களைக் கைக்கொள்வது நல்லது. தம் பொறுப்பிலுள்ள கணினிகளின் முழுப் பட்டியலை வைத்திருத்தல், எதையும் முதலில் சிலவற்றில் சோதித்துவிட்டு விரித்தல், சாவிகளையும் நகல்களையும் வலையமைப்புக்கு வெளியே ஓரிடத்தில் வைத்தல், அளித்த ஒவ்வொரு விலக்குக்கும் காரணம் எழுதிவைத்தல் ஆகியவை அவை. இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு குறிப்பேடும், அதை நாள்தோறும் எழுதும் பழக்கமும் போதும்.